விதை உறையில் போன மாத்திரைகள்

ஸ்தெஃப்கா பாபியுக்கின் சமையலறை அலமாரியில் பாதிக்கு மேல் ஊரார் பாத்திரங்கள்தான் இருக்கும். கனடாவின் சாஸ்கட்செவானில் எங்கள் பக்கத்துப் பெண்கள் எதையும் சும்மா வாங்கிக்கொண்டு போக மாட்டார்கள். ஓர் உதவி செய்தால் மறுநாளே முட்டைக்கோஸ் சுருள் ஒரு கிண்ணம் வந்து நிற்கும். கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது. அதில் போட்டுத் தர ஏதாவது சமைக்கும்வரை அது அலமாரியிலேயே கிடக்கும்.

டாக்டர் கில்கிறிஸ்டின் கிளினிக்கில் அவளுக்குப் பத்தொன்பது வருஷ வேலை. கதவைத் திறப்பது, ஊசியைக் கொதிக்க வைப்பது, அழுகிற பிள்ளையை அதட்டுவது எல்லாம் அவள்தான். மருந்துக் கம்பெனிக்காரர் காரில் வந்து இலவசமாகக் கொடுத்துப்போகும் மாத்திரைகள் கிடந்த இழுப்பறையும் அவள் பொறுப்பு. சீட்டு எழுதித் தரும் மருந்துக்குப் பதிவேடு உண்டு. சும்மா வந்ததற்குக் கிடையாது.

வாந்தியில் துவண்டு வரும் கர்ப்பிணிகளைப் பார்த்தால் டாக்டர் 'குடு' என்பதுபோல் தலையை மட்டும் ஆட்டுவார். ஸ்தெஃப்கா வெள்ளை மாத்திரைகளை எண்ணி, காலியான விதை உறையில் போட்டுக் கொடுப்பாள். உறையின் மேல் பீட்ரூட் படம் இருக்கும், மருந்தின் பேர் இருக்காது. "அரசாங்கம் பாத்து அனுமதி குடுத்த மருந்து, பயப்படாம போட்டுக்க" என்பாள். அனுமதி என்றால், வயிற்றில் இருக்கும் பிள்ளையையும் யாரோ யோசித்துப் பார்த்திருப்பார்கள் என்று நம்பினாள். யாரும் பார்த்திருக்கவில்லை.

1962 மார்ச்சில் மருந்துக் கம்பெனியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. டாக்டர் அதை நின்றபடி படித்தார். உட்கார்ந்து மறுபடியும் படித்தார். கடலுக்கு அப்பால், கர்ப்பத்தின் முதல் மாதங்களில் அந்த வெள்ளை மாத்திரையைத் தின்றவர்களுக்குக் கை முளைக்காத பிள்ளைகள் பிறக்கின்றனவாம். இனி ஒருத்திக்கும் தரக்கூடாது, மிச்சத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும்.

"இழுப்பறையில எத்தன பெட்டி இருக்கு?"

"ஒண்ணு, டாக்டர்."

"வந்தது?"

"நாலு."

"யார் யாருக்குக் குடுத்தோம்? பதிவேட்ட எடு."

"ஓசி மருந்த எந்தப் பதிவேட்டுல எழுதினோம்? நீங்க எழுதச் சொல்லல. நானும் கேக்கல."

தப்பு கம்பெனிமேல், டாக்டர்மேல் என்று பிறகு ஆளுக்கொன்று சொன்னார்கள். சொல்லட்டும். பேர் எழுதாத உறையை நீட்டியது தன் கைதான் என்பதை ஸ்தெஃப்கா கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. அவள் பக்கம்தான் நானும்.

வீட்டுக்கு ஓடி அலமாரியைத் திறந்தாள். அவளுடைய பதிவேடு அங்கேதான் இருந்தது. மாத்திரைக்குப் பதிலாக வந்தவை ஐந்து பாத்திரம், ஐந்து பெண்கள். அவற்றைப் பண்ணை வண்டியில் ஏற்றிக்கொண்டு, உருகும் பனிச்சேற்றில் வீடு வீடாகப் போனாள்.

முதல் மூன்று வீட்டிலும் உறை பிரிக்காமலே இருந்தது. நாலாவது வீட்டில் பிள்ளையே பிறந்துவிட்டிருந்தது. வணக்கம்கூடச் சொல்லாமல் போர்வையை விலக்கி, அதன் விரல்களை எண்ணினாள்.

"என்னக்கா, சந்தையில கோழி வாங்குற மாதிரி தடவிப் பாக்குற?" என்று சிரித்தாள் தாய்.

பத்தும் இருந்தன. ஸ்தெஃப்காவுக்குச் சிரிக்க வரவில்லை.

கடைசியாக ஹன்யா கோவலின் நீல விளிம்புக் கிண்ணம். ஹன்யாவுக்கு ஏழு மாதம். கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தவளின் முகம் மாறியது.

"வெறுங்கிண்ணமா? நீயா கொண்டாந்த? யாருக்கு என்ன ஆச்சு, அக்கா?"

"அந்த மாத்திரை எங்க?"

ஹன்யா உள்ளே போய் இரண்டே இரண்டு மாத்திரையை உள்ளங்கையில் கொண்டு வந்தாள். ஸ்தெஃப்கா கொடுத்தது இருபத்து நாலு.

"போன மாசம் ஒண்ணு போட்டேன், நாள் முழுக்கத் தூக்கம். ஆத்திர அவசரத்துக்கு ரெண்ட வச்சுக்கிட்டு, உறையோட லூபாகிட்டக் குடுத்துட்டேன். கோயில்ல நிக்க முடியாம வெளிய ஓடிப் போயி வாந்தி எடுத்தா, பாவம். 'உன் மாமியா குடுத்ததுதான்டி'ன்னேன். உடனே வாங்கிக்கிட்டா. ஏன், உனக்குத் தெரியாதா?"

லூபா ஸ்தெஃப்காவின் மருமகள். வீட்டு மனுஷி மாமியாருக்குக் கிண்ணம் கொண்டுவந்து தர மாட்டாள்; அலமாரிக் கணக்கில் அவள் இல்லை.

மகனின் பண்ணை வீட்டு வாசலில் லூபா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். முகம் தெளிவாக இருந்தது.

"அத்தே! அதுக்குள்ள யாரு சொன்னா? ஹன்யாவா? அவ வாயில எதுதான் நிக்கும்! மூணு மாசம் ஆகட்டும், அப்புறம் உங்ககிட்டச் சொல்லலாம்னு இருந்தோம்."

ஜன்னல் விளிம்பில் விதை உறை மல்லாந்து கிடந்தது. பீட்ரூட் படம் மேலே. உள்ளே ஒன்றுமில்லை.

"உங்க மாத்திரைதான் அத்தே என்னக் காப்பாத்துச்சு. இப்ப சூப்புகூட வயித்துல நிக்குது."

ஸ்தெஃப்கா காலி உறையைக் கையில் எடுத்தாள். "மாதவிலக்கு நின்னு எத்தனாவது நாள்ல இருந்து சாப்பிட்ட?"

லூபா இரண்டு கையையும் விரித்து, ஒவ்வொரு விரலாக மடக்கி நாள் எண்ணத் தொடங்கினாள். ஸ்தெஃப்கா அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். எண்ணி முடித்து லூபா சொன்ன கணக்கு, கடிதத்தில் எச்சரித்திருந்த அந்த முதல் மாதங்களுக்கு நடுவில் போய் விழுந்தது.

"இன்னொரு தடவ எண்ணு, கண்ணு" என்றாள் ஸ்தெஃப்கா. "மெதுவா."