மிஞ்சிய ஒரு பார்சல்

சிவபாதம் அண்ணை காலமான செய்தியை எனக்குச் சொன்னவர் எங்கள் தமிழ்ச் சங்கத்து ரவி. மொன்றியல் துறைமுகத்துக்குப் பக்கத்தில் நான் வேலை செய்யும் பண்டகசாலையில் அப்போது மத்தியான இடைவேளை. தொலைபேசியை எடுத்ததும், "அண்ணை விடியப்புறம் போயிட்டார். நித்திரையிலைதானாம்" என்றார். பிறகு, "மனிசன் கை இறுக்கம்தான், எண்டாலும் நல்ல மனிசன்" என்று சேர்த்தார்.

எனக்குக் கோபம் வந்தது. சாவுச் செய்தி சொல்பவரோடு சண்டை பிடிக்கக்கூடாது என்று வாயை மூடிக்கொண்டேன். அதனால்தான் இப்போது எழுதுகிறேன். அவரை அறிந்த நீங்கள் பலரும் அவரைக் கஞ்சன் என்றீர்கள். அவர் காதுபடவே சொன்னீர்கள். உங்களில் பாதிப் பேராவது அந்தப் பனிமாரியில் வடக்கே மலைக்குப் போன பஸ்ஸில் இருந்தவர்கள். அந்த இரவு உங்களுக்கு மறந்து போயிருக்கலாம். எனக்கு மறக்காது, மலையில் விடுபட்டுப் போனவன் நான்தான்.

சங்கத்துப் பயணம் எதுவானாலும் சாப்பாடு நகரத்தின் ஓரம் கர்க்லாண்டில் உள்ள அவர் வீட்டுக் குசினியில்தான் தயாராகும். அவரும் மனைவி பவளம் அக்காவும் விடிய எழும்பிக் கட்டுவார்கள். ஆளுக்கு ஒரு காகிதப் பை, அதற்குள் இரண்டு றோல்ஸ், ஒரு கடலை வடை. பஸ்ஸில் எத்தனை பேரோ அத்தனை பை. ஒன்று கூடவும் மாட்டாது, குறையவும் மாட்டாது. நம்முடைய ஆட்கள் பத்துப் பேருக்குச் சமைத்தால் இன்னும் பத்துப் பேர் சாப்பிடலாம். இந்த மனிதர் மட்டும் ஏன் இப்படி என்று எல்லோருக்கும் எரிச்சல். ஒருவருடைய பையை இன்னொருவர் வாங்கவும் விடமாட்டார். "மகனுக்கும் சேர்த்துத் தாங்கோ அண்ணை" என்று கேட்டால், "பெடியன் வரட்டும், அவன்ரை கையிலை குடுக்கிறன்" என்பார்.

மொன்றியலில் அது எனக்கு முதல் மாரி. நான் திருகோணமலைக்காரன், இந்த நகரத்தில் சொந்தமென்று ஒருவரும் இல்லை. சனிக்கிழமை முழுவதும் நிலக்கீழ் அறையில் கிடந்து சுவரைப் பார்க்க அலுத்துப்போய் அந்தப் பயணத்துக்குப் பேரைக் கொடுத்தேன். பஸ்ஸில் கடைசி இருக்கையில் தனியே இருந்தேன். மலையில் கம்பியில் தொங்கும் இருக்கை ஒன்று உச்சிக்குக் கொண்டுபோய் விடும். அங்கிருந்து காட்டுக்குள் வளைந்து வளைந்து இறங்கும் பாதையில் சறுக்குவண்டியில் குந்தி வரவேண்டும். வழியெல்லாம் கம்பங்களில் விளக்கு. முதல் தடவை கண்ணை மூடிக்கொண்டு வந்தேன். அடுத்த தடவை என்னை அறியாமல் சத்தமாகச் சிரித்தேன். வந்த நாளிலிருந்து நான் அப்படிச் சிரித்ததில்லை. அந்த ஆசையில், மற்றவர்கள் போதுமென்று இறங்கிய பிறகும் தனியாக மேலே போனேன்.

பாதிவழியில் ஒரு வளைவில் வண்டி திரும்ப மறுத்தது. பாதையின் விளிம்பைத் தாண்டி, ஊசியிலை மரங்களுக்கு நடுவே பனிக்குள் போய் விழுந்தேன். முழங்கால் திருகிவிட்டது. எழும்பப் பார்த்தால் இடுப்பு வரைக்கும் பனிக்குள் புதைந்தது. தொலைபேசி குளிரில் செத்துக் கிடந்தது. யாராவது பின்னால் வருவார்கள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருவரும் வரவில்லை. பிறகு விளக்குகள் மேலிருந்து ஒவ்வொன்றாக அணைந்தன.

கத்தினேன். யாரைக் கூப்பிடுவது என்று தெரியாமல் "அண்ணை, அண்ணை" என்றே கத்தினேன். எந்த அண்ணை என்று எனக்கே தெரியாது. விரல்கள் முதலில் நொந்தன, பிறகு நோவும் நின்றது. நோவு நின்றதுதான் என்னை மிகவும் பயப்படுத்தியது. அப்போது கீழே ஒரு பெரிய இரைச்சல் கேட்டது. இரவில் பாதையை மட்டப்படுத்தும் இயந்திரம் மேலே ஏறி வருகிறது. அது பனியை வழித்து ஓரத்தில் தள்ளிக்கொண்டு வரும். நான் கிடந்ததும் அந்த ஓரத்துக்குச் சற்றுக் கீழேதான். அதன் வெளிச்சம் மரங்களில் ஏறிக்கொண்டிருந்தது. எனக்குக் குரல் வரவில்லை.

கீழே நடந்ததைப் பிறகு பலர் பலவிதமாகச் சொன்னார்கள். எல்லாவற்றையும் கூட்டிப் பார்த்தால் இதுதான் நடந்தது. அங்கே வேலை செய்யும் பெண் பிரெஞ்சில், எல்லோரும் இறங்கியாயிற்றா என்று கேட்டிருக்கிறார். நம்முடைய ஆட்கள் ஒரே குரலில் "வுய்", ஆம் என்றிருக்கிறார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. ஒவ்வொருவரும் தங்கள் குடும்பத்தைப் பார்த்தார்கள், ஒருவரும் குறையவில்லை. பஸ் இயந்திரம் ஓடத் தொடங்கிவிட்டது. திரும்பும் வழிக்கென்று ஆளாளுக்குக் கையில் கொடுத்து முடித்த பிறகும் அண்ணையின் பெட்டியில் ஒரு பை மிஞ்சியிருந்தது.

"இது ஆற்றை பை?" என்று தூக்கிக் காட்டினாராம். "ஆரும் பசியில்லாமல் விட்டிருப்பினம், தாங்கோ நான் சாப்பிடுறன்" என்று கை நீட்டியவர் வேறு யாருமில்லை, ரவிதான். அண்ணை பையைத் தன்னுடைய குளிர் ஜாக்கெட்டுக்குள் வைத்து ஸிப்பை இழுத்து மூடினார். பஸ் கதவு பூட்ட முடியாதபடி படியில் ஏறி நின்றார். "ஆர் வரேல்லை?" என்றார். பிள்ளைகள் அழுதன, சாரதி ஹோர்ன் அடித்தார். ஒரு றோல்சுக்காக பஸ்ஸை மறிக்கிறார் என்று பின்னாலிருந்து ஏசினார்கள். அவர் அசையவில்லை. திரும்பத் திரும்ப அதையேதான் கேட்டார். கடைசியில் பவளம் அக்கா எழும்பிப் பின்னுக்குப் பார்த்துவிட்டு, "கடைசி சீற்றிலை தனிய இருந்த தம்பி எங்கை?" என்றார்.

மேலே இயந்திரத்தின் இரைச்சல் சட்டென்று நின்றது; கீழேயிருந்து சொல்லி நிறுத்துவித்திருக்கிறார்கள். பனியில் ஓடும் மோட்டார் வண்டி ஒன்று வந்து நின்றது. மலையில் வேலை செய்பவர் ஒருவர் பிரெஞ்சில் கூப்பிட்டார். அவருக்குப் பின்னால் இருந்து தமிழில் ஒரு குரல்: "தம்பி, உம்மடை பேர் எனக்குத் தெரியாது. எங்கை எண்டாலும் ஒரு சத்தம் போடும்."

நான் என்ன சத்தம் போட்டேன் என்று நினைவில்லை. அழுதிருப்பேன். என்னைத் தூக்கி எடுத்துக் கம்பளியால் சுற்றிய பிறகு அண்ணை ஜாக்கெட்டுக்குள் கையை விட்டுப் பையை எடுத்தார். "இந்தாரும், உம்மடை" என்றார். அவருடைய உடம்புச் சூட்டில் றோல்ஸ் இளஞ்சூடாக இருந்தது.

திரும்பி வரும்போது அவருக்குப் பக்கத்தில் காலை நீட்டிக்கொண்டு இருந்தேன். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். "எல்லாரும் வந்தாச்சோ எண்டு கேட்டால் எல்லாரும் ஓம் எண்டுதான் சொல்லுவினம்" என்றார். "வராதவன் எங்கையிருந்து இல்லை எண்டு சொல்லுறது? ஆர் வரேல்லை எண்டெல்லோ கேக்கவேணும்." அதற்கு மேல் அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. மற்றவர்கள் மன்னிப்புக் கேட்டபோதும் "சரி, சரி" என்று தள்ளிவிட்டார். அடுத்த பயணத்திலும் அதே கணக்கில்தான் கட்டினார். நீங்களும் கஞ்சன் என்றே சொல்லிக்கொண்டிருந்தீர்கள்.

அவரிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டது அந்தக் கேள்வி ஒன்றுதான். தகனம் முடிந்து எல்லோரும் மண்டபத்துக்கு வந்தபோது அதற்கு வேலை வந்தது. மேசையில் சோற்றுப் பெட்டிகள் அடுக்கடுக்காக இருந்தன. யாரோ தாராளமாகச் சொல்லிச் செய்வித்திருந்தார்கள். அத்தனை மிஞ்சிக் கிடக்கும்போது எது யாருடையது என்று எப்படித் தெரியும்? "எல்லாரும் சாப்பிட்டாச்சோ?" என்று அண்ணையின் மகன் கோபி கேட்டான். எல்லோரும் ஓம் என்றார்கள், ரவி உட்பட.

யார் வரவில்லை என்று என்னையே கேட்டேன்; ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு தேடப் போனேன். மண்டபத்தில் இல்லை, குசினியில் இல்லை. குளிருடுப்புகள் தொங்கும் ஒடுக்கமான அறையில், சப்பாத்துகளுக்கு நடுவே ஒரு மர வாங்கில் பவளம் அக்கா இருந்தார். கதிரையும் ஆட்களும் நிறைந்த மண்டபத்தில் அவரைக் காணவில்லை என்று ஒருவருக்கும் தோன்றவில்லை.

"அக்கா, இது உங்கடை" என்று பெட்டியை நீட்டினேன்.

வாங்கி மடியில் வைத்தார். மூடியைத் திறக்கவில்லை. என் கைகளைப் பார்த்தார், இரண்டும் வெறுமையாக இருந்தன.

"உம்மடை எங்கை?" என்றார். "போய் எடுத்துக்கொண்டு வாரும் தம்பி. அவர் கண்டாரெண்டால் ஏசுவார்."

நான் போய் எடுத்துக்கொண்டு வந்தேன்.