ஐஸ் கம்பெனியில் கிடைத்த ஹஸ்கி

தொண்ணூறுகளின் கடைசியில் நானும் என் வீட்டுக்காரரும் ஆவடிக்குப் பக்கத்தில் முத்தாபுதுப்பேட்டையில் வாடகைக்கு இருந்தோம். எதிர்வீட்டு விமானப்படை அதிகாரிக்கு எல்லைப்பக்கம் மாற்றலானபோது, தன் நாயை எங்களிடம் விட்டுப் போனார். ஹஸ்கி என்ற பெயரையே அன்றுதான் கேட்டோம். கறுப்பும் வெள்ளையுமாக அடர்ந்த ரோமம், நீலக் கண். பனியில் வண்டி இழுக்கிற சாதியாம். எங்களிடம் வந்து சேர்ந்ததோ பங்குனி மாதம்.

காவலுக்கு ஆகும் என்று வீட்டுக்காரர் நம்பினார். அது யாரையும் பார்த்துக் குரைக்கவில்லை. சிலிண்டர் போட வந்தவர் மேல் முன்னங்கால் இரண்டையும் தூக்கிவைத்து முகத்தை நக்கியது. குரைப்புக்குப் பதில் ஊளைதான். பக்கத்துத் தெரு மாதா கோயில் மணி அடித்தால் போதும், கழுத்தை நீட்டிக்கொண்டு கூடவே ராகம் போடும். ஊளை வீட்டுக்கு ஆகாது என்று இரண்டு பேர் வந்து சொல்லிப் போனார்கள். பூசைக்குப் போகும் அடுத்தவீட்டு அக்கா மட்டும், "அதுவும் ஜெபம் பண்ணுது, விடுங்க" என்றார்.

விடியற்காலையில் அரைமணி நேரம் ஓடவிட வேண்டும். விடாத அன்று ஒரு செருப்பு போகும். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு வீட்டுக்காரர் பின்னால் ஓடுவார். இவர் நாயைப் பிடித்திருக்கிறாரா, நாய் இவரை இழுத்துப் போகிறதா என்று தெரியாது.

சித்திரை வெயிலில் அது மூச்சிரைப்பதைப் பார்த்து, "நமக்கே பனியன் தாங்கல, இதுக்குக் கம்பளி வேறயா" என்று மொட்டையடிக்கத் தீர்மானித்தார். நல்லவேளை, முதலில் ஆவடி மாட்டாஸ்பத்திரியில் கேட்டோம்.

"கத்திரியே வைக்காதீங்க," என்றார் டாக்டர். "அந்த முடிதான் வெயிலையும் தடுக்குது. தினம் சீவி, உதிர்றதை எடுத்துடுங்க. மத்தியானம் வெளிய விடாதீங்க."

சீவச் சீவ ஒரு தலையணைக்கு ஆகுமளவு முடி வந்தது. குழம்பிலும் வந்தது.

கத்திரி வெயில் தொடங்கிய வாரம், ஒரு காலை எழுந்து பார்த்தால் காம்பவுண்டுச் சுவருக்கு அடியில் பெரிய பள்ளம். நாயைக் காணோம். அவர் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு டிவிஎஸ் ஃபிஃப்டியை எடுத்தார், நான் பின்னால் உட்கார்ந்தேன். மெயின் ரோட்டில் போகும் ஒவ்வொரு லாரியின் சக்கரத்தையும் பார்த்துக்கொண்டே போனேன். பதினோரு மணிக்கு மேல், ஐஸ் கம்பெனி வாசலில் நின்றவரிடம் விசாரித்தோம்.

"நீலக்கண்ணு நாயா அண்ணாத்தே? உள்ள படுத்துகினு கீது. காலைலேர்ந்து தொரத்துறோம், நவுர மாட்டேங்குது."

உமி தூவிய ஐஸ் பாளங்களுக்கு நடுவே, வயிறு தரையில் படக் கால்களைப் பரத்திக் கிடந்தது. எங்களைக் கண்டதும் வாலை ஒருமுறை அடித்தது, எழுந்திருக்கவில்லை. நான் ஈரத்தரையிலேயே உட்கார்ந்து அழுதுவிட்டேன். அவர் குந்தி அதன் காதைத் தடவினார். "நம்ம வூட்ல ஒரு நாள்கூட இது இப்படித் தூங்கினதில்ல," என்றார்.

அன்றிலிருந்து ஆடி முடியும்வரை தினமும் ஒரு துண்டு ஐஸ் சாக்கில் சுற்றி வந்தது. அதன் மேல் தலைவைத்துப் படுக்கும். ஆனால் தை பிறந்ததும் அவரே அதிகாரிக்குக் கடிதம் எழுதினார்: இன்னொரு கோடை இதற்கு இங்கே வேண்டாம். அதிகாரிக்கு அப்போது குன்னூர்ப் பக்கம் மாற்றலாகியிருந்தது. ஜீப்பில் வந்தார். நாய் தாவி ஏறி உட்கார்ந்தது, எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு நாள் வீட்டுக்காரர் சரியாகச் சாப்பிடவில்லை.

அந்த வருஷம் மார்கழியில் பார்க்கப் போனோம். கேட்டைத் திறந்ததுமே பாய்ந்து வந்து இருவரையும் சாய்த்துவிட்டது. உண்மையில் யார் வந்தாலும் அப்படித்தான் செய்யுமாம், அதிகாரி மனைவி சொன்னார். இவர் அதைக் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. குரங்குக் குல்லாயோடு, பல் கிடுகிடுக்க, சங்கிலியைப் பிடித்துக்கொண்டு தேயிலைச் சரிவில் அதன் பின்னால் ஓடிக்கொண்டிருந்தார்.