கயிற்றோடு போன சாவி

பண்ணையின் சொந்தக்காரரான பண்ணாடி தன் மோட்டார் காரை ஏற்காட்டுத் துரை ஒருவரிடம் வாங்கியபோதே சாவி ஒன்றுதான் வந்தது. அதை டிரைவர் தீர்த்தகிரியிடம் கொடுத்து, "தொலைச்சீன்னா சேலத்திலிருந்து ஆள் வந்து பூட்டையே மாத்தோணும். பத்திரம்டா" என்றார்.

தீர்த்தகிரி அதைத் தன் அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டான். குளிக்கும்போதும் அவிழ்த்ததில்லை. படுத்தால் இடுப்பெலும்பில் உறுத்தும். உறுத்தினால்தான் தூக்கம் வரும். பண்ணையத்தில் ஏவிய வேலைக்கெல்லாம் ஓடியவனை ஊர் 'டிரைவரே' என்று கூப்பிட்டது அந்தச் சாவி வந்த பிறகுதான்.

அவன் அப்பன் சடையன் செத்துப்போனபோது, "சாவியைக் கணக்கப்பிள்ளைகிட்டக் குடுத்துட்டுப் போ" என்று பண்ணாடி சொல்லியனுப்பினார். கொடுத்தால் தன் இடத்தில் வேறொருவன் உட்கார்ந்துவிடுவான் என்று அவனுக்குப் பயம். "கருமாதி முடிச்ச கையோட வந்தர்றனுங்க" என்று பதில் சொல்லி அனுப்பினான்.

கருமாதி ஜேடர்பாளையத்தில், காவிரிக்கரையில் நடந்தது. தலை மழித்த நாவிதர், வழக்கப்படி அவன் இடுப்புக் கயிற்றை அறுத்து ஆற்றில் விட்டார். துக்கக் கயிறு தண்ணீரோடு போகவேண்டும். தீர்த்தகிரி அழுத கண்ணோடு முழுக்குப் போட்டுக் கரையேறினான். தாய்மாமன் கைலாசம் புதுக்கயிறு கட்டும்போதுதான் இடுப்பு வெறுமையாக இருப்பது உறைத்தது.

திரும்பவும் ஆற்றில் பாய்ந்தான்.

"மாப்ள! உட்டதத் திலும்பிப் பாக்கப்படாது! மேல வா!"

"சாவிங்க மாமா! பண்ணாடி சாவி!"

"பொணத்துக்குன்னு உட்டத எடுத்தா உங்கொப்பன் கரை சேரமாட்டான்டா!"

"சேராட்டிப் போறாருங்க. எனக்குச் சோறு?"

சாவியின் கனத்தில் கயிறு தூரம் போயிருக்கவில்லை. சேற்றைத் துழாவிய விரலில் தட்டுப்பட்டது. சாவியை உருவிக்கொண்டு கயிற்றை மட்டும் மறுபடி விட்டான். அவன் ஏறிவர, பங்காளிகள் விலகி வழிவிட்டார்கள். அம்மா பொன்னாயி அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

அவன் போய்ச் சேருமுன்பே சேதி போய்ச் சேர்ந்திருந்தது. வாசலில் நின்ற பண்ணாடி, நீட்டிய சாவியை வாங்கவில்லை.

"அங்கயே கீழ வெய்யி."

"மஞ்சத்தண்ணியில கழுவிட்டனுங்க."

"பொண்டு புள்ளைக ஏர்ற வண்டிடா. கருமாதிக் கயித்துச் சாவியப் போட்டு ஓட்டச் சொல்றயா? ஆத்தோட உட்டுட்டு வந்திருந்தீன்னா, நாலு வசவு வெஞ்சுட்டுப் பூட்டை மாத்தியிருப்பேன்."

"இப்பவும் மாத்துங்க பண்ணாடி. நானே ஓட்டறனுங்க."

"மாத்தத்தான் போறேன். பெத்தவனுக்கு உட்டதையே புடுங்குனவன் பின்னால நான் எப்படிடா உக்காருவேன்?"

சேலத்து ஆள் வந்து பூட்டை மாற்றினான். புதுச்சாவி வாழப்பாடியிலிருந்து வந்த புது டிரைவர் கைக்குப் போயிற்று. தீர்த்தகிரி கொட்டகை ஓரத்தில் நின்றான். யாரும் அவனைப் போ என்று சொல்லவில்லை. இரு என்றும் சொல்லவில்லை. நாள்கணக்காய் நின்ற மோட்டார் இருமிவிட்டு அடங்கியது.

"அண்ணா, பொறத்தால கொஞ்சம் தள்ளி உடுங்க" என்றான் புது டிரைவர்.

தீர்த்தகிரி தோள் கொடுத்துத் தள்ளினான். வண்டி உறுமிக் கிளம்பிப் போயிற்று.