கேசரி வாங்கிய கையெழுத்து

புக்கிட் காத்திலில் எங்கள் தாமான் குடியிருப்பை ஒட்டியிருந்த பல்கலைக்கழகம் வருடத்துக்கு ஒரு கட்டடமாக வளர்ந்துகொண்டே வந்தது. கடைசியில் அதற்கு எங்கள் வரிசை வீடுகள் மீதும் ஆசை வந்துவிட்டது. மாணவர் விடுதி கட்டப் போகிறார்களாம், சம்மதிப்பவர்களிடம் வீட்டை வாங்கிக்கொள்வார்களாம். வீடு வீடாகக் கேட்க ஓர் அதிகாரி வருவார் என்று கடிதம் வந்தது. எனக்கு ஒன்பது வயது.

மூன்று வீடு தள்ளியிருந்த சித்தப்பா, அப்பா போன பிறகு எங்கள் வீட்டுக்கும் தானே தலைவர் என்று தானாகவே முடிவு செய்துகொண்டவர். வரிசை முழுக்க நடந்து சட்டம் போட்டார். "ஒருத்தரும் கையெழுத்து போடக்கூடாது. வர்றவங்களுக்கு ஒரு கிளாஸ் தண்ணிகூட குடுக்காதீங்க லா. கேட்டுக்கு வெளியவே நிக்கட்டும்." எல்லோரும் தலையாட்டினார்கள். அம்மாவும் ஆட்டினார்.

அதிகாரி வரும் நாளன்று கண் விழித்தால் வீடெல்லாம் நெய் வாசம். அம்மா கேசரி கிண்டிக்கொண்டிருந்தார். எங்கள் குடும்பத்தில் கேசரி சும்மா வராது. பெண் பார்க்க வந்தால் வரும், நிச்சயதார்த்தம் என்றால் வரும். கண்ணாடி அலமாரியை விட்டு இறங்காத பீங்கான் தட்டுகளும் அன்று இறங்கின.

பதினோரு மணிக்குக் கோப்பும் கையுமாக ஒரு மலாய்க்காரப் பெண் அதிகாரி வந்தார். அம்மா தானே கேட்டைத் திறந்து, "மாசோக், பூவான்" என்று மரியாதையாக உள்ளே அழைத்து, மின்விசிறிக்கு நேரே உட்கார வைத்தார். தட்டை நான்தான் நீட்டினேன். சும்மா இருக்க முடியாமல், விடுதியில் நீச்சல் குளம் இருக்குமா என்று மலாயில் கேட்டும் வைத்தேன். அவர் சிரித்துக்கொண்டே இரண்டாம் தடவையும் கேசரி வாங்கிக்கொண்டார்.

அதற்குள் சித்தப்பா ஓடி வந்துவிட்டார். "என்ன அண்ணி இது? இனிப்பு குடுத்தா சம்மதம்னுதானே அர்த்தம்?"

"உக்காருங்க தம்பி, சூடா இருக்கு" என்றார் அம்மா.

சித்தப்பா கோபமாகத்தான் சாப்பிட்டார். ஆனால் தட்டில் ஒரு முந்திரிகூட மிஞ்சவில்லை. அம்மா அதிகாரி நீட்டிய சம்மதப் பாரத்தை வரி வரியாகப் படித்தார், இரண்டு கேள்வி கேட்டார், கையெழுத்துப் போட்டார்.

கேசரியும் என் நீச்சல் குளமும்தான் வீட்டைத் தாரை வார்த்தன என்று சித்தப்பா ஊரெல்லாம் சொன்னார். இரண்டு மாதத்தில் அவரும் கையெழுத்துப் போட்டார், அது வேறு கதை. எனக்கோ ஒரே பெருமை. ஒரே ஒரு கேள்வி கேட்டு வீட்டையே விற்றுக் கொடுத்தவள் என் வகுப்பில் வேறு யார் இருந்தார்கள்? குருபோங்கிற்குக் குடிபோனோம். பின்னாளில் நான் அந்தப் பல்கலைக்கழகத்திலேயே படித்தேன். விடுதியில் நீச்சல் குளம் கிடையாது.

அம்மா பிறந்தது செலண்டார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில். அவருக்கும் ஒன்பது வயது இருந்தபோது தோட்டம் கைமாறியது. ஒரு காலையில் தொழிலாளர் லயத்து வாசலில் லாரி வந்து நின்றது, சாமான்களை ஏற்றச் சொன்னார்கள். அம்மா இதைச் சொல்லும்போதெல்லாம், லாரி என்ன நிறம் என்றுதான் நான் கேட்பேன். பச்சை என்பார்.

அன்று போகச் சொன்னார்களே தவிர, போகச் சம்மதமா என்று யாரும் கேட்கவில்லை. வாசல் தேடி வந்து அம்மாவிடம் அப்படிக் கேட்ட முதல் ஆள் அந்த அதிகாரிதான். முடியாது என்று சொல்வதாக இருந்திருந்தாலும் அம்மா அந்தக் கேசரியைக் கிண்டியிருப்பார். தட்டை நீட்டிய எனக்கு அன்று அது தெரியவில்லை.