பதினேழாம் எண் சவுக்கு

சைக்கிள் கம்பியைச் சவுக்கு மரத்தின் துளைக்குள் விட்டுத் திருகுகிறாள் சூர்யகலா. "வெளிய வா மாப்ள, எவ்ளோ நேரம் உள்ளயே குந்திகினு இருப்பே?" கம்பி நுனியில் நெளிந்து வருகிறது பட்டைப் புழு. அதைச் சீசாவில் போட்டு மரத்தின் எண்ணை ஒட்டுகிறாள். இதுவரை பிடித்த புழுக்களை வரிசையில் விட்டால், வால் திண்டிவனத்தில் இருக்கும்போதே தலை விழுப்புரம் ஜங்ஷனில் டீ குடிக்கும்.

மரங்களுக்கு வரன் பார்ப்பதுதான் அவள் ஆராய்ச்சி. மளமளவென்று வளரும் ஆண் மரத்தின் மகரந்தத்தை, புழுவுக்கு மசியாத பெண் மரத்தின் பூவில் தூவுவாள். பிறந்த பிள்ளைகள் நானூறும் மரக்காணம் சாலையோரம் ஒரு விவசாயியின் தோப்பில் நிற்கின்றன. ஐந்து வருடத்தில் புழு வாயே வைக்காதது பதினேழாம் எண் மட்டும்தான். "பதினேழப் பாத்தா புழு சலாம் வச்சிட்டு போய்க்கினே இருக்கும்" என்பாள். அதன் கொழுந்தைக் கிள்ளிக் கன்று எடுக்க, ஆபீசில் எழுதிப் போட்ட ஏணிக்காகக் காத்திருந்தாள்.

ஏணிக்கு முன் கோடாலி வந்துவிட்டது. "புடிச்ச மரமா ஒண்ணு எடுத்துக்கோ" என்று தோப்புக்காரர் தாராளமாகச் சொல்ல, கோயிலுக்கு மரம் கேட்டு வந்த ஆரோக்கியராஜ் வெட்டிச் சாய்த்தது பதினேழை.

"இன்னாண்ணே, நானூறு மரத்துல இதான் கெடச்சுதா?"

"மாதா கோயில் கொடிமரத்துக்கும்மா. ஒரு ஓட்ட இல்ல, கோணல் இல்ல. சாமிக்குப் போயி சொத்தையா குடுப்பாங்க?"

சூர்யகலா சாய்ந்த மரத்தின் பக்கத்தில் தொப்பென்று உட்கார்ந்தாள். வேறு பிரதி கிடையாது. ஐந்து வருடமும் போச்சு. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தால், எட்டவே எட்டாத உச்சிக் கொழுந்து மடியில் கிடக்கிறது.

துள்ளி எழுந்தாள். "ஜல்தி! கோணிய நனைங்க! வாடறதுக்குள்ள கிள்ளுங்க!" மரம் தூக்க வந்த பதினொரு பேரும் கீரை ஆய்வதுபோல் குந்திவிட்டார்கள். "கொடிமரம் தூக்க வந்தவன கொழுந்து கிள்ள வுட்டியே தாயி!" என்றார் ஆரோக்கியராஜ், கை மட்டும் நிற்கவில்லை. முந்நூறு கொழுந்தை வேர்விட வைக்கும் பொடியில் தொட்டு, நாற்றுத் தட்டுகளில் நட்டார்கள்.

அப்புறம் வேர் விட்டதா என்று தினமும் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தாள். பிடுங்கக் கூடாது என்று அவளே எழுதி மாட்டிய அறைக்குள்தான்.

இருபத்தோராம் நாள் காலை, ஒற்றைச் செருப்போடு சாலைக்கு ஓடி வந்து மரக்காணம் பஸ்சை மறித்தாள். டிரைவர் எட்டிப் பார்த்துக் கத்தினார்: "ஏறும்மா சீக்கிரம்!"

"ஏறலண்ணே," என்று மூச்சிரைத்தாள். நூல் இழையாக ஒரு வெள்ளை வேர் தொங்கும் கன்றை, நுனிக்காலில் எம்பி, அவர் ஜன்னல்வரை உயர்த்திப் பிடித்தாள்.