தவமலரின் விடியற்காலைக் குளிசை

மட்டக்களப்பு வாவி முழுக்க என் கண்ணுக்குத் தப்பிய கள்ளன் கிடையாது. சரி, வாவி கொஞ்சம் கூடத்தான். எங்கள் ஒழுங்கை, இந்தச் சின்னச் சந்து என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கத்து வீட்டுத் தவமலருக்குத் தைராய்டு சுரப்பது குறைவு. விடிந்ததும் வெறும் வயிற்றில் குளிசை விழுங்குவாள். அப்படியிருந்தும் தையல் மெஷினிலேயே தூங்கி விழுந்தாள். இரத்தப் பரிசோதனையும் சரியில்லை. அடுத்த முறையும் இப்படியென்றால் குளிசையைக் கூட்ட வேண்டிவரும் என்றார் டொக்டர்.

குளிசைப் போத்தல் புருஷன் ரதீஸின் பொறுப்பில் இருந்தது. எனக்கு அவன்மேல்தான் சந்தேகம். வழக்கம்போல அவளுக்குத் தேத்தண்ணி கொடுக்கும் சாக்கில் மூன்று நாள் வேவு பார்த்தேன். நாலாம் நாள் கேட்டேவிட்டேன்.

"உண்மையச் சொல்லு தம்பி, குளிசைய மாத்திப்போட்டியா?"

"குளிசை சரிதான் மாமி. அத விழுங்கி அரை மணித்தியாலத்துக்கு மறுகாத்தான் தேத்தண்ணி குடிக்கலாமாம். விழுங்கின கையோட வேலிக்கு மேலால பால்தேத்தண்ணி நீட்டுறது நீங்கதானே!"