உடம்புக்குத்தான் வலி

இரண்டாயிரத்து நாலு வாக்கில், சேலையூரில் எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் ஞாயிறுதோறும் அத்வைத வகுப்பு நடக்கும். நடத்துபவர் என் கணவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற மறு மாதமே அவருக்கு உலகம் மாயையாகிவிட்டது. காபி மட்டும் அதில் சேரவில்லை. அது நுரையோடும் சூட்டோடும் இருந்தாக வேண்டும், வந்தவர்கள் எல்லோருக்கும். போடுவது நான்.

அந்த வருடம் எனக்கு வலது விலாவுக்குக் கீழே வலி ஆரம்பித்தது. சாப்பிட்டால் வரும், முதுகுவரை இழுக்கும்.

"ஏங்க, டாக்டர்கிட்ட போகலாமா?" என்றேன்.

"வலி உனக்கு இல்லை, உடம்புக்கு. நீ வெறும் சாட்சி. பார்த்துக்கிட்டே இரு, போயிடும்."

பார்த்துக்கொண்டே இருந்தேன். போகவில்லை. மோரில் பெருங்காயம் கரைத்துக் குடித்தபடி மாதக்கணக்கில் சாட்சியாக இருந்தேன்.

நடுவில் அவருக்குக் கடைவாய்ப்பல் வலித்தது. சாட்சி எங்கே போனாரோ, பல் டாக்டர் ஷட்டரைத் தூக்கும் முன்பே கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். கேட்டதற்கு, "இது வியாவகாரிகம். உலக நடைமுறைன்னு ஒண்ணு இருக்கில்லையா?" என்றார். அவர் பல்லுக்கு இருக்கும் நடைமுறை என் வயிற்றுக்கு ஏன் இல்லை என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஒரு ஞாயிறு, மேலே வகுப்பு நடக்கும்போதே வலி என்னைச் சுருட்டிப் போட்டது. தட்டுத் தடுமாறிப் படியேறினேன். "இன்னிக்கு காபி இல்லை. தலை வலிச்சா உங்களுக்கு இல்லை, உடம்புக்குத்தான்" என்று சபைக்குச் சொல்லிவிட்டு இறங்கி ஆட்டோ பிடித்தேன். ஓட்டுநர் திரும்பிப் பார்த்தார். "இன்னாம்மா, இப்டி கீற, தனியாவா போற?" "ஆஸ்பத்திரிக்கு" என்று மட்டும் சொன்னேன்.

குரோம்பேட்டையில் ஓர் ஆஸ்பத்திரியில் பித்தப்பை நிறையக் கல் என்றார்கள். உடனே ஆபரேஷன். வீட்டுக்குப் போன் போனதும் ஓடி வந்த என் கணவர், கட்டிலருகே உட்கார்ந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். அவர் அழுது நான் பார்த்ததே இல்லை. என் மனசு இளகிவிட்டது.

"உனக்கு ஏதாவது ஆயிட்டா நான் என்ன பண்ணுவேன்? என் பி.பி. மாத்திரை எந்த டப்பாவுல இருக்குன்னுகூட எனக்குத் தெரியாதே" என்றார்.

இருப்பது ஒன்றே என்று வாராவாரம் கேட்டிருக்கிறேன். அந்த ஒன்று யார் என்று அன்றுதான் விளங்கியது. கையை உருவிக்கொண்டு நர்ஸைக் கூப்பிட்டேன்.

"எனக்கு வலிக்குதும்மா, ஊசி போடுங்க."